போலி மென்பொருள் பதிவிறக்கங்களிலிருந்து ஒரு தொழிலகத்தைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு அலுவலகம், அச்சகம், ஏற்றுமதி நிறுவனம், மொத்த மருந்துக்கடை என ஐந்து கணினி முதல் ஐம்பது கணினி வரை வைத்துக்கொண்டு, கணினிப் பிரிவு என்று தனியாக எதுவும் இல்லாமல் நடக்கும் தொழிலகங்களுக்காக எழுதப்பட்ட விடைகள் இவை. பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளையே மனத்தில் வைத்து எழுதப்பட்டுள்ளன.

போலி மென்பொருள் என்றால் கிராக் செய்யப்பட்டது மட்டும்தானா?

இல்லை. நடைமுறையில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. முதலாவது, விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் உரிமப் பூட்டை உடைத்து, கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் போன்ற பெயர்களில் இலவசமாகப் பரப்பப்படுவது. இரண்டாவது, நம்பகமான ஒரு மென்பொருளின் பெயரையும் சின்னத்தையும் தளத்தின் தோற்றத்தையும் அப்படியே நகலெடுத்து, உள்ளே வேறொன்றை வைத்துத் தருவது. மூன்றாவது, அசல் நிறுவனத்தின் தளத்திற்குள்ளோ தயாரிப்புக் கணினிகளுக்குள்ளோ நுழைந்தவர்கள் அங்கேயே கோப்பை மாற்றிவைப்பது. முதல் வகையை ஊழியர் தெரிந்தே இறக்குகிறார், இரண்டாவதைத் தெரியாமல் இறக்குகிறார், மூன்றாவதில் அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மாட்டிக்கொள்கிறார். ஆகவே மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. சிறு தொழிலகங்களில் முதல் இரண்டும்தான் அன்றாடம் நடப்பவை என்பதால் இந்த விடைகளின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

நாங்கள் கிராக் பயன்படுத்துவதே இல்லை. இலவச மென்பொருள்களை மட்டும் இறக்குகிறோம். எங்களுக்கு என்ன ஆபத்து?

கிராக் தேடுபவருக்கு உள்ளூர ஒரு தயக்கமாவது இருக்கும். இலவச மென்பொருளை இறக்குபவருக்கு அதுவும் இருப்பதில்லை. 2022-இன் இறுதியிலும் 2023-இன் தொடக்கத்திலும் கூகுள் தேடலில் விஎல்சி, 7-சிப், நோட்பேட்++, ஓபிஎஸ் போன்ற பெயர்களைத் தேடியவர்களுக்கு, உண்மையான தளத்துக்கு மேலே, விளம்பரமாகப் போலித் தளங்கள் வந்து நின்றன. அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டபோது, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்றே பரிந்துரைத்தது. ஒரு புலனாய்வு அமைப்பு அப்படிச் சொல்லும் நிலை வந்தது என்பதிலிருந்தே அந்த விளம்பரங்களின் பரவலை ஊகித்துக்கொள்ளலாம்.

2023 அக்டோபரில் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ் என்ற மென்பொருளுக்கு இதே முறையில் ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரத்தில் தெரிந்த முகவரியும் சரியாக இருந்தது. சொடுக்கிய பின் போய்ச் சேர்ந்த தளத்தின் முகவரியில், முதல் ஆங்கில எழுத்தின் அடியில் மட்டும் தூசி போல ஒரு சிறு குறி இருந்தது. அது லாட்விய மொழியில் பயன்படும் வேறோர் எழுத்து. திரையில் ஒட்டிய தூசியென்று யாரும் துடைத்துவிட்டுப் போகக்கூடிய வேறுபாடு அது. அதே ஆண்டின் ஜனவரியில், நம் ஊரில் கணக்கு மென்பொருளுக்குத் தொலைவிலிருந்து உதவி செய்ய எல்லோரும் பயன்படுத்தும் எனிடெஸ்க்கின் பெயரைச் சாயலாகக் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் ஒரே போலிப் பக்கத்துக்கு இட்டுச் சென்று, விடார் என்ற தகவல் திருடியை இறக்கித் தந்தன.

இவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை விதி ஒன்றே: மென்பொருளைத் தேடல் பெட்டியில் தேடி இறக்கக் கூடாது. அவசரத்தில் தேடும் அந்த ஒரு நிமிடம்தான் போலிக்காரரின் சந்தை. ஊழியர்களை எச்சரிப்பதைவிட, அப்படித் தேட வேண்டிய தேவையே அவர்களுக்கு எழாமல் செய்வது மேல். எப்படி என்பதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

அப்படியானால் சரியான தளம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், எதை நம்பக் கூடாது என்பதைச் சொல்லிவிடலாம். முகவரிக்கு அருகே இருக்கும் பூட்டுக் குறி, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தத் தளம் யாருடையது என்பதை அது சொல்வதில்லை. போலித் தளங்களும் அதே பூட்டை இலவசமாகப் பெற்றுக்கொள்கின்றன. முகவரியில் மென்பொருளின் பெயர் இருப்பதும் சான்று ஆகாது. தொலை வழங்கிகளோடு இணையப் பயன்படும் புட்டி என்ற மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை எழுதிய சைமன் டேதம் பல ஆண்டுகளாக அதைக் கிரீன்எண்ட் என்ற பெயர் கொண்ட, பார்த்தால் நம்பத் தோன்றாத ஒரு நீண்ட முகவரியில்தான் வெளியிட்டு வந்தார். மென்பொருளின் பெயரையே தாங்கிய ‘புட்டி டாட் ஓஆர்ஜி’ அவருடையது அன்று.

நம்பத் தகுந்த வழிகள் சில உண்டு. ஏற்கெனவே சரியாக நிறுவப்பட்ட ஒரு பிரதி அலுவலகத்தில் இருந்தால், அதன் உதவிப் பட்டியலில் உள்ள இணைப்பு வழியாகச் செல்லலாம். விலைக்கு வாங்கிய மென்பொருளானால், ரசீதோடு வந்த முகவரியையோ உங்கள் வாடிக்கையாளர் கணக்குப் பக்கத்தையோ பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்தால், வெளியீட்டாளர் பெயரைப் பார்த்து அங்கிருந்தே நிறுவலாம். விண்டோஸ் 10, 11-இல் கிடைக்கும் விங்கெட் என்ற கட்டளைக் கருவி, மென்பொருளின் அசல் இணைப்பையும் கோப்பின் ஹாஷையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) பதிவு செய்து வைத்திருந்து, இறங்கிய கோப்போடு ஒப்பிட்ட பிறகே நிறுவும். ஒருமுறை உறுதி செய்த முகவரியைப் புத்தகக்குறியாக வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை. மென்பொருள்களைத் திரட்டித் தரும் பொதுப் பதிவிறக்கத் தளங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் நல்லவையும் உண்டு, ஆனால் ‘டவுன்லோடு’ என்று எழுதிய நான்கு பொத்தான்களில் எது உண்மையானது என்று கண்டுபிடிப்பது ஊழியரின் வேலையாக இருக்கக் கூடாது.

தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களுக்கும் எழுத்துருக்களுக்கும் இது பொருந்துமா?

மற்ற எல்லாவற்றையும்விட இவற்றுக்குக் கூடுதலாகவே பொருந்தும். அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தட்டச்சு மென்பொருள் என்பது விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு விசையையும் பார்ப்பது. அது அதன் இயல்பு, குறை அன்று. ஆனால் அந்த இடத்தில் ஒரு போலி வந்து உட்கார்ந்தால், வங்கிக் கடவுச்சொல்லைத் திருட அது வேறெந்தத் தந்திரமும் செய்ய வேண்டியதில்லை.

நிறுத்தப்பட்ட மென்பொருள்கள் இதில் தனிச் சிக்கல். விண்டோஸில் இணையம் இல்லாமலே இயங்கிய கூகுளின் தமிழ் உள்ளீட்டுக் கருவியைக் கூகுள் திரும்பப் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அதைக் கேட்பவர்கள் குறையவில்லை, கேட்பவர்களுக்காகவே பழைய நிறுவியை வழங்குவதாகச் சொல்லும் யார் யாருடையவோ தளங்களும் குறையவில்லை. அசல் தளம் இல்லாத மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்க்க அசல் என்று ஒன்று கிடையாது. விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து, ஒலிப்பு முறையில் அடிக்கும் தமிழ் விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தாலே போதும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டிய தேவையே இல்லை.

எழுத்துரு வெறும் எழுத்து வடிவம்தானே என்று நினைக்க வேண்டாம். 2011-இல் கண்டறியப்பட்ட டூக்கு என்ற உளவு நிரல், விண்டோஸ் எழுத்துருக்களைக் கையாளும் முறையில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தியே கணினிகளுக்குள் நுழைந்தது. ‘ஆயிரம் தமிழ் ஃபாண்ட்’ என்று ஒரே சிப் (zip) கோப்பாகக் கிடைப்பவற்றில், எழுத்துருக்களோடு ஒரு ‘செட்டப்’ நிரலும் சேர்ந்திருந்தால் அதை ஓட்டாதீர்கள். எழுத்துருவை நிறுவ எந்த நிரலும் தேவையில்லை.

கிராக் போடும்போது ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்று ஏன் சொல்கிறார்கள்? அதற்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது?

உரிமப் பூட்டை உடைக்கும் நிரலை ஆன்டிவைரஸ் தவறுதலாகச் சந்தேகிக்கிறது, அதனால்தான் என்று காரணம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அந்தக் கொஞ்சம் உண்மைதான் மிச்சப் பொய்யைச் சுமந்து செல்கிறது. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வது, கோப்பைக் கடவுச்சொல் போட்ட சிப்பாகத் தந்து அந்தக் கடவுச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதிவைப்பது, சில மெகாபைட் மட்டுமே இருக்க வேண்டிய நிரலை வெற்றுத் தரவால் நிரப்பிப் பல நூறு மெகாபைட்டாக ஊதிவைப்பது ஆகிய மூன்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். கடவுச்சொல் போட்ட சிப்பின் உள்ளே பரிசோதனைக் கருவிகளால் பார்க்க முடியாது. மிகப் பெரிய கோப்புகளைப் பல கருவிகள் பார்க்காமலே விட்டுவிடும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

உள்ளே இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ரெட்லைன், விடார், லும்மா போன்ற தகவல் திருடிகள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் ஒரு தளத்துக்குள் நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கிகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டு, தடயமில்லாமல் அகன்றுவிடவும் செய்யும். குக்கி போய்விட்டால் ஓடிபி பாதுகாப்பும் பயனற்றுப் போகிறது. ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட உங்கள் அமர்வையே அவர்கள் நகலெடுத்துக்கொள்வதால், அவர்களிடம் மின்னஞ்சல் சேவை கடவுச்சொல்லும் கேட்பதில்லை, ஓடிபியும் கேட்பதில்லை. கணினியில் எந்த மாற்றமும் தெரியாது என்பதால், ‘கிராக் போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்கள் பலர் இந்த வகையில் அடங்குவர்.

இரண்டாவது வகை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது. ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அறியப்படும் குடும்பம் கிராக்குகள் வழியாகவே பெரிதும் பரவியது. அதன் குறிப்பில் 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை 490 டாலர் என்றே நெடுங்காலம் எழுதியிருந்தது. பெரிய நிறுவனங்களைக் குறிவைக்கும் கும்பல்கள் கோடிக்கணக்கில் கேட்கும்போது, ஒரு புகைப்பட நிலையமோ கணக்கு அலுவலகமோ கடன் வாங்கியாவது கட்டக்கூடிய தொகையாகப் பார்த்து இது நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

இணையம் மெதுவாக இருக்கிறது. நண்பர் பென் டிரைவில் தருகிறார். அசல் மென்பொருள்தானே, என்ன கெட்டுவிடும்?

2015 செப்டம்பரில் சீனாவில் வெளிப்பட்ட ஒரு நிகழ்வு இதே காரணத்தால் நடந்தது. ஐபோன் செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோடு என்ற கருவி பல கிகாபைட் அளவு கொண்டது. ஆப்பிளின் வழங்கியிலிருந்து அங்கே அது மிக மெதுவாகவே இறங்கியது. ஆகவே சீன இணைய நிறுவனமான பைடுவின் கோப்புச் சேமிப்பில் யாரோ ஏற்றிவைத்த பிரதியை உருவாக்குநர்கள் இறக்கிக்கொண்டார்கள். அந்தப் பிரதி மாற்றப்பட்டிருந்தது. அதைக் கொண்டு உருவாக்கிய செயலிகள் எல்லாவற்றிலும் வேண்டாத நிரல் கலந்தது. வீசாட் என்ற பெரிய உரையாடல் செயலியின் ஒரு பதிப்பும் அதில் சிக்கி, ஆப்பிளின் ஸ்டோர் வரைக்கும் போய்விட்டது. மெதுவான இணையம் மட்டுமே முதற்காரணம், எவரும் கிராக் தேடிப் போகவில்லை. இணையம் மெதுவானால் இரவு முழுதும் இறங்க விட்டு, இறங்கிய கோப்பை அலுவலகத்திலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கிய கோப்பை ஓட்டும் முன் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் டிஜிட்டல் கையொப்பம். கோப்பின் மேல் வலச்சொடுக்கி, பண்புகளுக்குள் டிஜிட்டல் கையொப்பங்கள் என்ற பக்கத்தைத் திறந்தால், கையொப்பமிட்ட நிறுவனத்தின் பெயர் தெரியும். அந்தப் பக்கமே இல்லையென்றால் கையொப்பம் இல்லை என்று பொருள். சிறிய இலவச மென்பொருள்கள் சில அப்படி வருவதுண்டு, ஆனால் பெரிய நிறுவனத்தின் மென்பொருள் அப்படி வராது. பெயர் இருந்தாலும், அது நீங்கள் எதிர்பார்த்த நிறுவனத்தின் பெயர்தானா என்று படித்துப் பாருங்கள். சம்பந்தமில்லாத ஒரு கம்பெனியின் பெயரில் செல்லுபடியாகும் கையொப்பம் இருப்பது போலிகளில் வழக்கம்.

அடுத்தது ஹாஷ். பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளையைக் கொடுத்தால் கோப்பின் எஸ்எச்ஏ-256 எண் வரும். நிறுவனம் வெளியிட்ட எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மென்பொருளின் இரண்டு பதிவிறக்க வழங்கிகளில் ஒன்று ஊடுருவப்பட்டபோது, ஹாஷை ஒப்பிட்டவர்கள் தப்பினார்கள். ஆனால் கோப்பை மாற்றக்கூடியவர் அதே பக்கத்தில் இருக்கும் ஹாஷையும் மாற்றிவிடக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்தில் நுழைந்தவர்கள், பதிவிறக்க இணைப்பையே பல்கேரியாவில் இருந்த ஒரு வழங்கிக்குத் திருப்பிவிட்டார்கள். தளமே அவர்கள் கையில் இருக்கும்போது அந்தத் தளம் சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. எம்டி5 என்பது எளிதில் ஏமாற்றக்கூடிய பழைய ஹாஷ் முறை; அதை மட்டும் தரும் தளங்களின் எண்ணை, கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்.

ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் நிறுவியை ஏற்றிப் பார்ப்பதும் பயன் தரும். ஆனால் அங்கே ஏற்றப்படும் கோப்புகள் சந்தாதாரர்களுக்குக் கிடைக்கும் என்பதால், நிறுவிகளை மட்டும் ஏற்றுங்கள். வாடிக்கையாளரின் கணக்குக் கோப்பை ‘வைரஸ் இருக்கிறதா பார்ப்போம்’ என்று ஏற்றிவிடாதீர்கள். ‘ஒன்றும் இல்லை’ என்று அது சொன்னால், இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

அசல் நிறுவனத்தின் தளத்திலேயே மாற்றப்பட்ட கோப்பு இருந்தால்?

கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் என்ற மென்பொருளின், 2017 ஆகஸ்டில் வெளிவந்த 5.33 பதிப்பு அப்படிப்பட்டது. தயாரிப்பு நிலையிலேயே கலக்கப்பட்டதால், நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பத்தோடே அது வந்தது, சுமார் 22.7 லட்சம் கணினிகளில் நிறுவப்பட்டு, ஒரு மாதம் கழித்தே கண்டறியப்பட்டது. மேலே சொன்ன சோதனை எதுவும் அதைப் பிடித்திருக்காது. ஆனால் அடுத்த கட்டத் தாக்குதல் சுமார் 40 கணினிகளுக்கு மட்டுமே அனுப்பப்பட்டது, அவை பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுடையவை. சிறு தொழிலகம் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தேவையில்லாத மென்பொருளை நிறுவாமல் இருப்பதும், தரவின் பேக்கப்பைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பதும் இங்கே செய்யக்கூடியவை. கணினியை ‘வேகமாக்கும்’, ‘சுத்தம் செய்யும்’ மென்பொருள்களில் பெரும்பாலானவை இன்றைய விண்டோஸுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

ஊழியர்களுக்குத் தடை விதித்தால் வேலை நின்றுவிடாதா?

வெறும் தடை மட்டும் விதித்தால் நின்றுவிடும். இரண்டாவது வாரத்தில் அட்மின் கடவுச்சொல் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு மானிட்டரில் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே தடைக்கு முன்னால் மாற்று வழியைத் திறந்துவைக்க வேண்டும். அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை, நிதானமானவராக இருந்தால் போதும். உங்கள் தொழிலுக்கு வேண்டிய மென்பொருள்களின் பட்டியலை அவர் எழுதி, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன வழியில் இறக்கிச் சரிபார்த்து, எல்லோரும் படிக்க மட்டும் முடிகிற ஒரு பொதுக் கோப்புறையில் போட்டுவைக்க வேண்டும். கணக்கு அலுவலகமானால் ஜிஎஸ்டி, வருமானவரித் தளங்கள் தரும் ஆஃப்லைன் கருவிகள், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், எம்சைனர், பிடிஎஃப் படிப்பான், பிரிண்டர் டிரைவர் என்று இருபதைத் தாண்டாது. ரிட்டர்ன் தாக்கலின் கடைசி நாள் மாலையில் டோக்கன் வேலை செய்யவில்லை என்று ஒருவர் பதறும்போது, அவர் கை தேடல் பெட்டிக்குப் போகாமல் அந்தக் கோப்புறைக்குப் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் செயல்படுத்த முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

அதன் பிறகு ஊழியர்களின் விண்டோஸ் கணக்குகளை அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்குகளாக மாற்றலாம். இது முழுக் காப்பு அன்று. பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் நிரல்களுக்கு அட்மின் உரிமை வேண்டியதில்லை. தகவல் திருடிகளுக்கும் வேண்டியதில்லை. ஆயினும் ஒரு கணினியில் வந்தது அலுவலகம் முழுதும் பரவுவதற்கு இது பெரிய தடை. உலாவியில் விளம்பரத் தடுப்பானையும் போட்டுவிடுங்கள். ‘நீங்கள் மனிதர் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, இதை ஒட்டுங்கள்’ என்று சொல்லும் பக்கங்கள் 2024 முதல் பெருகியிருக்கின்றன; எந்த உண்மையான தளமும் அப்படிக் கேட்காது என்பதை ஊழியர்களுக்கு ஒருமுறை காட்டிச் சொல்லுங்கள்.

கணினி விற்பவரே விண்டோஸ், ஆஃபீஸ் எல்லாம் போட்டுத் தந்துவிட்டார். அது எங்கள் பொறுப்பா?

பயன்படுத்துபவர் நீங்கள் என்பதால் உங்கள் பொறுப்புதான். ரசீதில் விண்டோஸுக்கும் ஆஃபீஸுக்கும் தனி வரி இல்லையென்றால், அவை ஆக்டிவேட்டர் கொண்டு இயக்கப்பட்டவை என்று கருதிக்கொள்வது நல்லது. 2011-இல் மைக்ரோசாஃப்ட்டின் புலனாய்வாளர்கள் சீனாவின் கடைகளில் 20 புதிய கணினிகளை வாங்கிப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் போலி விண்டோஸ் இருந்தது. நான்கில் பெட்டியைத் திறக்கும் முன்பே வைரஸ் இருந்தது. சில நூறு ரூபாய்க்கு ‘வாழ்நாள் கீ’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்து கசிந்தவை. மைக்ரோசாஃப்ட் அதை முடக்கும் நாள் வரை இயங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவின்படி, உரிமம் மீறிய பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைக் கணினியில் பயன்படுத்துபவருக்கு, ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் இரண்டு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு; தொழிலகம் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. கம்பெனி செய்த குற்றத்துக்கு அதன் பொறுப்பில் இருந்தவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 69-ஆவது பிரிவு.

பலருக்குத் தோன்றாத இன்னொரு பக்கம், கணக்குப் புத்தகம் சார்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதியும் தடம் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். உடைக்கப்பட்ட பழைய பதிப்பில் அது இருக்காது, இருந்தாலும் தணிக்கையாளர் அதை நம்ப முடியாது. ஜிஎஸ்டி சட்டமோ ஆண்டுத் தாக்கலின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. ‘கிராக் வழியாக வந்த வைரஸ் பூட்டிவிட்டது’ என்ற விளக்கத்தை எந்த அதிகாரியிடம் சொல்வது?

‘சர்வீஸ்’ என்று அழைப்பவர் ஒரு மென்பொருளை இறக்கச் சொல்கிறார். செய்யலாமா?

நீங்கள் அழைத்து அவர் வந்தால் செய்யலாம். அவராக அழைத்தால் கூடாது. இவ்வகை மோசடிகளில் எனிடெஸ்க் பயன்படுத்தப்படுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இங்கே மென்பொருள் அசலாகவே இருக்கலாம், ஆள்தான் போலி. டிஜிட்டல் கையொப்ப டோக்கனை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நாள் முழுதும் செருகியே இருந்து, டோக்கனின் ரகசிய எண்ணும் (PIN) தட்டச்சின்போது பிடிபட்டால், உங்கள் பெயரில் கையொப்பமிட வேறொருவருக்கு எல்லாம் கிடைத்துவிடும்.

கைபேசியில் வாட்ஸ்அப் வழியாக வரும் ஏபிகே கோப்புகளுக்கும் இதே விடைதான்: போக்குவரத்து அபராதம், வங்கிப் பரிசுப் புள்ளி என்று எந்தப் பெயரில் வந்தாலும் நிறுவக் கூடாது. தொழிலக வங்கிக் கணக்கின் ஓடிபி வரும் கைபேசியில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவக் கூடாது.

போலியை நிறுவிவிட்டோம் என்று சந்தேகிக்கிறோம். முதலில் என்ன செய்வது?

அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்கை அதில் செருகாதீர்கள். பிறகு வேறொரு நல்ல கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ, முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, அடுத்து ஜிஎஸ்டி, வருமானவரித் தளங்கள் என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சலை முதலில் சொல்வதற்குக் காரணம், மற்றவற்றின் கடவுச்சொல்லை அதன் வழியாகவே மீட்டெடுக்க முடியும் என்பதுதான். மாற்றிய பின் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் திருடப்பட்ட குக்கி புதிய கடவுச்சொல்லுக்குப் பிறகும் செல்லுபடியாகக்கூடும். பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றுவது, புதியதையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். டோக்கன் செருகியிருந்த கணினியானால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் அதை ரத்து செய்யச் சொல்லுங்கள். கம்பெனிகளாக இருப்பவர்கள், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களைத் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஐரோப்பியக் காவல் அமைப்பும் பிறரும் 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் திறவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாப் குடும்பத்தின் பழைய வகைகள் பலவற்றுக்கு இலவசத் தீர்வு உண்டு. 2019 ஆகஸ்டுக்குப் பிந்தியவற்றில், இணையம் இல்லாதபோது பூட்டப்பட்ட சிலவற்றுக்கு மட்டுமே உண்டு. திறக்க முடியாதவற்றையும் அழிக்காமல் ஒரு டிஸ்கில் எடுத்துவைக்கலாம். கணினியை ஸ்கேன் செய்து திரும்பப் பயன்படுத்தாதீர்கள். டிஸ்கை அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி.

அசலை வாங்க இப்போது பணம் இல்லை. என்ன செய்வது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. கணக்கு மென்பொருளை முதலில் வாங்குங்கள். டேலி போன்றவை மாத வாடகை உரிமமாகவும் கிடைக்கின்றன. அதன் கல்விப் பதிப்பை வைத்துச் சமாளிக்க நினைக்க வேண்டாம், மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளுக்கு மட்டுமே அதில் பதிவு போட முடியும். கடிதம், அட்டவணை வேலைகளுக்கு லிப்ரெஆஃபீஸ் போதும். எக்ஸெல் மேக்ரோக்களை நம்பி நடக்கும் அலுவலகமானால் ஓரிரு கணினிகளுக்காவது எக்ஸெல் வேண்டியிருக்கும். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் உண்டு. அதன் பழைய 1.4 வரிசை தமிழ் யூனிகோடைச் சிதைத்துக் காட்டும், 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பு சரியாகக் காட்டுகிறது. கோரல்டிராவில் இருபது ஆண்டாகச் சேர்ந்த திருமண அழைப்பிதழ்க் கோப்புகள் வைத்திருக்கும் அச்சகத்துக்கு இவை மாற்று ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அவர்கள் ஒரு கணினிக்காவது அசலை வாங்கி, பழைய கோப்புகளை அதில் மட்டும் திறப்பதே வழி.

நாங்கள் பில்லிங் மென்பொருள் தயாரிப்பவர்கள். எங்கள் பெயரிலேயே போலி பரவுகிறது.

உங்கள் நிறுவிக்குக் கையொப்பமிடுங்கள். 2023 ஜூன் முதல் கையொப்பச் சாவியை வன்பொருள் டோக்கனில்தான் வைத்திருக்க வேண்டும் என்பதால் செலவு சற்றுக் கூடும். ஆனால் வாடிக்கையாளருக்கு ‘இந்தப் பெயர் தெரிந்தால் மட்டும் நிறுவுங்கள்’ என்று சொல்ல உங்களிடம் வேறு எதுவும் இல்லை. பதிவிறக்க முகவரியை ஒவ்வொரு ரசீதிலும் அச்சிடுங்கள். பழைய பதிப்பை நிறுத்தும்போது அதன் பக்கத்தை அழித்துவிடாமல், நிறுத்தப்பட்டது, இனி இது தேவை என்று எழுதிவையுங்கள். வெறுமையாக விட்ட இடத்தில்தான் மற்றவர்கள் கடை போடுகிறார்கள். உங்கள் பெயரை ஒத்த ‘டாட் இன்’ முகவரியை யாராவது தீய நோக்கத்தோடு பதிந்திருந்தால், அதற்கென இருக்கும் ஐஎன்டிஆர்பி என்ற தீர்ப்பாய முறையில் புகார் செய்யலாம். வர்த்தகக்குறி பதிந்திருந்தால் வழக்கு எளிதாகும். தேடல் விளம்பரத்தில் போலி வந்தால், விளம்பர நிறுவனத்துக்கான புகாரோடு, முகவரியைப் பதிந்து தந்த பதிவாளருக்கும் அதே நாளில் எழுதுங்கள். விளம்பரம் மட்டும் நீக்கப்பட்டால், அதே தளம் வேறொரு கணக்கிலிருந்து மறுபடி விளம்பரம் செய்யும்.